வயிற்றில் புளி, காதில் கடுகு

1

போன வாரம் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் பல் துலக்கிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து என் முன்னால் நாக்கை நீட்டினார். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கோபத்தில்கூட என்னிடம் நாக்கைத் துருத்தியவர் இல்லை.

"ஓரத்துல பல்லுத் தடம் இருக்கா பாரு" என்றார்.

இருந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக இருந்தது. நடுவில் வெள்ளையாகவும் படிந்திருந்தது.

"உனக்கும் அன்னைக்கு இப்படித்தான இருந்துச்சு?"

"இதவிடக் கம்மியா இருந்துச்சு" என்றேன். அவர் போய் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பல மாதமாக அவர் சரியாகத் தூங்குவதில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. கேட்டால் வயசு என்பார்.

இந்த மாதத்தோடு அவர் பணி ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற கையோடு நாங்கள் கோவில்பட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும். அங்கே வீடு கட்டி, பால் காய்ச்சி, பூட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் என் கொழுந்தன் மனைவி செண்பகம் வெள்ளிக்கிழமை தோறும் திறந்து விளக்கேற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணுவாள். "எப்பக்கா வாரீக? ஆளில்லாத வீட்டுல விளக்குப் போட எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்பாள். "பாப்போம்மா" என்பேன்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபமாம். ஹைதராபாத்தில் பங்களா வாங்கிவிட்டோமாம். அந்தக் கடைசிச் செய்தியைப் பரப்பியவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். நாங்கள் இருப்பது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மூன்றாம் மாடி வாடகைப் போர்ஷன்.

காரணம் நான்தான். எனக்குத் திரும்பி வர இஷ்டம் இல்லை. இந்த ஒற்றை வரியை வாயைத் திறந்து சொல்வதற்கு எனக்கு ஒரு சீன வைத்தியமும் பல ஊசிகளும் தேவைப்பட்டன. ஊரில் இருக்கிறவர்களுக்கு அதை முறையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லித் திரிகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும்.

2

எனக்கு அந்தப் படபடப்பு ஆரம்பித்தது அவருடைய ஓய்வுக்கு முந்தைய வருஷம். அவர் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். ஹைதராபாத்தில் நாச்சாரத்துக்கும் சைனிக்புரிக்கும் நடுவில் கம்பெனிக் குவார்ட்டர்ஸ். கல்யாணமான புதிதில் அங்கே வந்து இறங்கினேன். மகள் நித்யா அங்கேதான் பிறந்தாள். வந்ததிலிருந்து ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் கோவில்பட்டி என்றே எழுதினோம். பிள்ளை பெற்று, வளர்த்து, தலை நரைத்ததெல்லாம் 'தற்போதைய முகவரி'யில்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால் நிலுவை இல்லை என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகத்தில், கேன்டீனில், கூட்டுறவுக் கடையில், தண்ணீர்க் குழாய்ப் பிரிவில். இன்னும் ஒரு வருஷம் கிடக்கும்போதே இவர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் வந்து, "லைப்ரரி முடிஞ்சது" என்பார். "தண்ணி செக்‌ஷன்ல ஆளு லீவு" என்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஒவ்வொரு கையெழுத்துக்கும் எனக்கு நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன் மணிக்கு உள்ளங்கை வேர்க்கும். படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பருப்பில் உப்பைப் போட்டேனா என்று மூன்று தடவை ருசி பார்த்துவிட்டு நாலாவது தடவை போட்டுவிடுவேன்.

கம்பெனி மருந்தகத்தில் எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் நார்மல். கடைசியில் அந்த இளவயது டாக்டர், "டென்ஷன் தீஸ்கோகண்டி அம்மா" என்றார். டென்ஷன் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். ஏதோ நான் கடையில் போய்ப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்ததுபோல. பிரஷருக்கு ஒரு மாத்திரையும் தூக்கத்துக்கு அரை மாத்திரையும் கொடுத்தார். பிரஷர் இறங்கியது. படபடப்பு தன் பாட்டுக்கு இருந்தது.

என்னோடு பார்க்கில் நடக்கிற ஒரு மேஜரின் மனைவிதான் பத்மா மேடத்தைச் சொன்னார். ராணுவ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவர். கொழும்பில் போய்ச் சீன வைத்தியம் படித்தவர். சைனிக்புரியில் தன் வீட்டு முன்னறையிலேயே ஊசி போடுகிறார்.

"சைனா சாமானே மூணு மாசம் தாங்காது, வைத்தியம் தாங்குமா?" என்றார் இவர். ஆனாலும் ஸ்கூட்டி சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

3

முதல் நாள் தனியாகத்தான் போனேன். கடைத்தெருத் தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காதே என்று சொல்லுகிற காய்க்காரரோடு அரை மணி நேரம் சண்டை போடுவேன். ஆனால் இத்தனை வருஷத்தில் நெஞ்சுக்குள் இருப்பதைத் தெலுங்கில் சொல்லும் தேவை வந்ததில்லை. அது வேறு தெலுங்கு என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

பத்மா மேடம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஓரத்தில் பல் தடம் இருக்கிறது என்றார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நாடி பார்த்தார். நம் ஊர் நாட்டு வைத்தியர்போலத்தான், பேன் காற்றும் ஊதுபத்தியும் மட்டும் கூடுதல். என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. "நாகு சால தொந்தரகா உந்தி" என்றேன். எனக்கு ரொம்பத் தொந்தரவாக இருக்கிறது என்று சொன்னதாக நினைப்பு.

அவர் கையை எடுத்துவிட்டார். "தொந்தர ஐதே ரேப்பு ரண்டம்மா" என்றார். அவசரமென்றால் நாளைக்கு வாருங்கள் என்று.

தெலுங்கில் தொந்தர என்றால் அவசரம். எனக்குத் தெரியாததில்லை. தினமும் ஆட்டோக்காரரிடம் சொல்லுகிற வார்த்தைதான். பதற்றத்தில் தமிழ் உள்ளே புகுந்துவிட்டது. சரி செய்யலாம் என்று, "அவசரம் லேதண்டி" என்றேன். அது இன்னும் மோசம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லை என்று சொன்னதாகிவிட்டது. முதலில் அவசரம் என்றாள், பிறகு வைத்தியமே வேண்டாம் என்கிறாள் என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த தடவை துணைக்கு யாரையாவது கூட்டி வாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! சனிக்கிழமை நான் வரேன். நீ தமிழ்ல சொல்லு, நான் தெலுகுல சொல்றேன்."

நித்யா மாதாப்பூர் பக்கம் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள். காலையில் கேப் வந்து ஹாரன் அடித்தால் ஓடுவாள். சாயங்காலம் காதில் போனோடு வந்து போனோடு தூங்குவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். சாப்பிட்டாயா, துணி எடுத்தாயா, மழை வருகிறது என்பதற்கெல்லாம் அவளுக்குத் தமிழ் உண்டு. அதற்கு மேல் நாங்களும் அவளோடு பேசியதில்லை.

4

சனிக்கிழமை மேடம், நித்யா, நான் என்று மூன்று பேருமாக உட்கார்ந்தோம். நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "ஒரு எடத்துல இருப்புக்கொள்ளல. நெஞ்சு திக்குதிக்குங்குது. எந்நேரமும் வயித்துல புளியக் கரைக்குது."

முதல் இரண்டையும் எப்படியோ சொல்லிவிட்டாள். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "கடுப்புலோ சிந்தபண்டு பிசிகினட்டு உந்தண்டா" என்றாள். வயிற்றுக்குள் புளியம்பழத்தைப் பிசைகிற மாதிரி இருக்கிறதாம்.

பத்மா மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் எவ்வளவு புளி சேர்ப்பீர்கள் என்று கேட்டார். நித்யா விரல் விட்டு எண்ணினாள். சாம்பார், ரசம், காரக்குழம்பு, புளிசாதம். ஒவ்வொன்றுக்கும் மேடத்தின் முகம் ஒரு படி கவலைப்பட்டது. அவர்கள் வைத்தியத்தில் புளிப்பு கல்லீரலைச் சேர்ந்ததாம். கல்லீரல் கோபத்தின் இடம். கவலை மண்ணீரலையும் வயிற்றையும் பிடிக்கும். பயம் சிறுநீரகத்தை, துக்கம் நுரையீரலைப் பிடிக்கும். உடம்பில் ஓடுகிற உயிர்ச் சக்தி எங்கே தடைபட்டு நிற்கிறதோ அங்கே இந்தத் தொல்லை எல்லாம் வரும். அந்தச் சக்திக்குப் பெயர் 'ச்சீ'. "மீ ச்சீ பாகலேது", உங்கள் ச்சீ சரியில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. நமக்கு ச்சீ என்றால் வேறு அல்லவா!

ஊசி என்றால் நம் ஆஸ்பத்திரி ஊசி இல்லை. மயிர்போல மெல்லிசு. மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரல் தள்ளி உள்பக்கம் ஒன்று, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தார். கொழும்பில் கற்ற ஒரே தமிழ் வார்த்தையை ஒவ்வொன்றுக்கும் சொன்னார். "வலிக்குதா?" வலிக்கவில்லை. கொசு உட்கார்ந்து எழுந்தது போலத்தான். குத்தி முடித்துவிட்டு அப்படியே கிடக்கச் சொன்னார். பகலில் யாரும் எதுவும் கேட்காமல், அடுப்பில் எதுவும் இல்லாமல், சும்மா மல்லாந்து கிடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊசி வேலை செய்ததா, கிடந்தது வேலை செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

கிளம்பும்போது காது மடலில் இரண்டு இடத்தில் கடுகை வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். படபடப்பு வரும்போதெல்லாம் அதை அழுத்திவிட வேண்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் என் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்றும் சொன்னார். அப்புறம், கொஞ்ச நாளைக்குப் புளியைத் தொடக்கூடாது.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது புளி இல்லை, பேச்சு வழக்கு என்று. ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

"காதுல பூச் சுத்துறதக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் இவர், என் காதைப் பார்த்துவிட்டு. "கடுகு ஒட்டுறத இப்பத்தான் பாக்கேன்." ஆனால் அடுத்த வாரம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எலுமிச்சம்பழ ரசம், தக்காளிக் குழம்பு, மோர்க்குழம்பு, மறுபடி எலுமிச்சம்பழ ரசம். "சீனாக்காரன் நம்ம வீட்டுச் சட்டியில கைய வச்சுட்டானே" என்று புலம்பினார். எனக்கோ புளி இல்லாமலே வயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

5

ஒரு நாள் நித்யா ஆபீஸிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டில் அவள் டீமில் இருக்கிற மதுரைக்காரப் பெண்ணிடம் அம்மாவின் புளி வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு விளக்கியிருக்கிறாள்.

"அம்மா, புளின்னா புளி இல்லையாமே! பயமாமே! நீ எந்துக்கு சொல்லலே? எனக்கு எவ்வளவு ஷேமா இருந்துச்சு தெலுசா?"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவமானம் எல்லாம் வடிந்து அவள் முகத்தில் வேறொன்று வந்தது. "பயம்னா, எந்த பயம் அம்மா?"

"தோசை ஊத்தட்டா?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ஊசிகளெல்லாம் வைத்து முடித்த பிறகு நித்யா மேடத்திடம் தவறைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "சிந்தபண்டு காது, சிந்த" என்றார். தெலுங்கில் காது என்றால் அல்ல; புளியமரமும் சிந்த, கவலையும் சிந்த. வயிற்றில் இருப்பது புளியம்பழம் இல்லை, கவலை. ஒன்றும் தெரியாமல் மகள் சொன்னதே பாதி சரியாக இருந்திருக்கிறது.

"ஏமி சிந்த அம்மா?" என்று கேட்டார். என்ன கவலை?

கல்யாணமானதிலிருந்து அந்த வாரம் வரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எழுந்து அடுப்படிக்குப் போக வழியில்லை. நெற்றியிலும் கையிலும் காலிலும் ஊசி. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் கடுகு ஒட்டிய காதுக்குள் போனது. துடைக்கவும் கையை அசைக்க முடியாது.

"நான் ஊருக்குப் போகமாட்டேன்" என்றேன். தமிழில்தான். பிறகு நிறுத்த முடியவில்லை. ஊரில் நான் மூத்த மருமகள், அது ஒரு உத்தியோகம். அவருக்கு ஓய்வு வருகிற அன்றைக்குத்தான் எனக்கு அந்த வேலை ஆரம்பிக்கும். எந்தக் கல்யாணத்துக்கு என்ன முறை, எந்தச் சாவுக்கு யார் முதலில் போவது, யார் வீட்டில் சாப்பிட்டோம், ஏன் சாப்பிடவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே நான் 'மூத்தவன் பொண்டாட்டி'. இங்கே 'லட்சுமி காரு'. முத்துலட்சுமி என்ற என் பெயரில் பாதியையாவது இந்த ஊர்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தது. நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டி ஓட்டினேன். தெலுங்கு போர்டு படித்து பஸ் ஏறினேன். அங்கே போனால் தலைவாசலைத் தாண்ட, எங்கே என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு முடியாது. எனக்கு அலுத்துவிட்டது.

பத்மா மேடம் நித்யாவைப் பார்த்தார். "ஏமண்டுந்தி?" என்ன சொல்கிறாள் என்று.

நித்யா என் பக்கம் திரும்பினாள். நான் பேசிய தமிழில் ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று அவள் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. "டாடிக்கு தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடத்திடம் சொன்னாள். "ஈ ஊரு வதிலி வெள்ளதண்டா."

அவ்வளவு நேரம் நான் பேசியது அவள் வாயில் அந்த ஒரு வரியானது. இந்த ஊரை விட்டுப் போகமாட்டாளாம். நான் ஊர் என்று சொன்னது கோவில்பட்டியை. அவள் தெலுங்கில் திருப்பியபோது ஊர் ஹைதராபாத் ஆகிவிட்டது. அவளைத் திருத்தத் தோன்றவில்லை.

6

வீட்டில் செய்ய ஒரு பாடமும் உண்டு. மணிக்கட்டுக்கு மேல் அந்த மூன்று விரல் இடத்தைத் தினமும் சாயங்காலம் யாராவது கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். அழுத்தும்போது மூச்சை மெல்ல விட வேண்டும். அந்த வேலை இவருடையது. காலமெல்லாம் அளவு பார்த்தே பிழைத்தவர், மூன்று விரல் என்றால் மூன்று விரல்தான். டிவியில் செய்தி ஓடும். அவர் கண் செய்தியில் இருக்கும், கட்டைவிரல் சரியான இடத்தில் இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் சொன்னேன். "நான் கோவில்பட்டிக்கு வரலைங்க."

"யாரு இப்பப் போகச் சொன்னா? ரிடையர் ஆனப்புறந்தான?"

"அப்பவும் வரல."

விரல் அசையவில்லை. விளம்பரம் வந்து போயிற்று. "அப்ப அந்த வீட்ட நான் யாருக்குக் கட்டுனேன்?"

"உங்களுக்குத்தான் கட்டுனீக."

கையை எடுத்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றேன்.

கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறவர் இல்லை அவர். சாப்பிட்டார். கையெழுத்து வாங்கும் வேலையையும் முடித்தார். நான் கேட்காமலே புளியை மறுபடி குழம்பில் போட்டேன், அவர் அதையும் சாப்பிட்டார். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கச் சில வாரம் இருக்கும்போது ஒரு நாள் வந்து, "குகட்பள்ளியில ஒரு போர்ஷன் பாத்துட்டு வந்தேன். நித்யா ஆபீசுக்குப் பக்கம். தண்ணி இருக்கு" என்றார். சம்மதம் என்ற சொல்லைச் சொல்லாமல் அவர் சம்மதித்தது அப்படித்தான். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அன்றைக்குப் படுத்ததும் தூங்கிப்போனேன்.

7

இந்த ஒரு வருஷமாக நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தண்ணி லாரிக்காரரோடு சண்டை போடுகிறேன். கீழ் வீட்டுப் பெண்களோடு நடக்கப் போகிறேன். மெட்ரோவுக்காக மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதிலும் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். காதில் கடுகு எப்போதோ உதிர்ந்துவிட்டது.

அவருக்குத்தான் நாள் நகரவில்லை. காலையில் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். தினமும் தம்பிக்குப் போன். "அங்க மழையா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு மோட்டார் ஓடுகிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, கதவு ஈரத்தில் பிடிக்கிறதா. ஊரில் தூறினால் இங்கே அவர் முகம் குளிரும். நித்யா, "டாடி, நீ ஏதாவது ஹாபி வெச்சுக்கோ" என்றாள். அவர் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலையில் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒயர், ரத்தம், எல்லாம் நார்மல். டென்ஷன் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். நேற்று இரண்டு பஸ் மாறி சைனிக்புரிக்குப் போனோம்.

பத்மா மேடம் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு என்ன கவலை என்று அதே கேள்வியைக் கேட்டார். இவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பேசிய தெலுங்கு, என்னுடையதைப்போல நொண்டாது. "ஏம் லேதண்டி. ரிடையர் ஐத்தே அந்தரிகீ உண்டேதே" என்றார். ஒன்றுமில்லை, ஓய்வு பெற்றால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று. மொழி நன்றாகத் தெரிந்தால் மறைக்கவும் நன்றாக வரும்போல.

மேடம் ஊசிகளை வைத்து முடித்தார். நான் எழுந்து அவர் தலைமாட்டில் போய் நின்றேன். எனக்கு அன்றைக்குத் தெலுங்கு தடுக்கவே இல்லை. "ஆயன ஊரி மீத பெங்க பெட்டுகுன்னாரண்டி" என்றேன்.

பெங்க என்ற சொல்லுக்குத் தமிழில் நேர் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் தடவை பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் குழந்தைக்கு வருமே, அது. தாயை நினைத்துச் சோறு இறங்காமல் காய்ச்சல் கண்டு கிடக்குமே, அது. இவர் ஊரை நினைத்து அப்படிக் கிடக்கிறார் என்றேன்.

அறுபதைத் தாண்டிய மனுஷன், நெற்றியில் ஊசியோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. எனக்காக ஒரு வருஷம் வாய் மூடி இருந்தாரே என்று அவர் மேலா, தெரிந்தும் நன்றாகத் தூங்கினேனே என்று என் மேலா.

திரும்பும்போது செகந்திராபாத்தில் குகட்பள்ளி பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். இந்த ஊர் சிட்டி பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. புருஷன் பொண்டாட்டி என்னவாவது பேசுவதென்றால் ஸ்டாப்பிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

"நீங்க ஊருக்குப் போய் இருங்க" என்றேன். "நான் இங்க இருக்கேன். நீங்க வாங்க, நான் வாரேன். அப்படியே வந்து போய்க்கிடலாம்."

அவர் எதிர்ப்பக்கம் இருந்த பழ வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல கேட்டா என்ன சொல்ல?"

"மகளுக்குத் தொணைக்கு இருக்கான்னு சொல்லுங்க."

"அவளக் கெட்டிக் குடுத்த பெறகு?"

"அப்ப உள்ளதச் சொல்லுங்க. எம் பொண்டாட்டிக்கு இங்கதான் புடிச்சிருக்காம்னு."

நீண்ட நாளைக்குப் பிறகு அவர் முகம் லேசாக இளகியது. போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, அவர் கேட்காததும் கிடைத்துவிட்டது.

"நீ தனியா இருந்திருவ. அது எனக்குத் தெரியும்" என்றார். "நான் இருந்திருவேனான்னுதான் தெரியல."

பஸ் வந்துவிட்டது. நான் முன்வாசலில் ஏறினேன், அவர் பின்வாசலில் ஏறினார். குகட்பள்ளி வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நானும் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.